நிலம் இல்லாமல் நலம் இல்லை: பறையும் விதையும் மருந்தும் யாருடையவை?

பெருநகரங்களில் வார இறுதி நாட்களில் இன்று மூன்று காட்சிகளை எளிதில் காணலாம். ஓரிடத்தில் கல்லூரி மாணவர்களும் மென்பொருள் ஊழியர்களும் பறையிசைக்கப் பயில்கின்றனர். மற்றோரிடத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் வரகும் சாமையும் துணிப்பைகளில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. வேறோரிடத்தில் மூலிகை அறிமுகம், மரபு மருத்துவ முகாம், மன அமைதிக்கான பயிற்சி ஆகியவை நடைபெறுகின்றன. கலை, இயற்கை வேளாண்மை, நலம் பேணுதல் என்னும் இம்மூன்றும் இன்று மதிப்புமிக்க சொற்களாகிவிட்டன. அரசும் இவற்றுக்குக் கொள்கை வகுக்கிறது, விருது வழங்குகிறது, விழா எடுக்கிறது.

இந்த மதிப்பு வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பறையைக் காத்தவர்கள் யார்? விதையைத் தூவி, நாற்று நட்டு, களை பறித்தவர்கள் யார்? வயல் வரப்பில் முளைத்த கீரையையும் வேரையும் இலையையும் உணவாகவும் மருந்தாகவும் அறிந்திருந்தவர்கள் யார்? இம்மூன்று அறிவுகளையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்ததில் சேரி மக்களின் பங்கு மிகப் பெரிது. அவர்களில் பெரும்பாலோருக்கு அன்றும் நிலம் இல்லை, இன்றும் இல்லை. நிலத்தைப் பேசாமல் கலையையும் வேளாண்மையையும் நலத்தையும் பேசுவது, அறிவை எடுத்துக்கொண்டு அறிவாளரை வெளியே நிறுத்துவதாகும். இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இதுவே: ஒரு சமூகத்தின் நலம், அது காலூன்றி நிற்கும் மண்ணின் உரிமையிலிருந்து தொடங்குகிறது. இதற்குச் சான்றுகள் தெலங்கானாவிலும் பஞ்சாபிலும் நம் தஞ்சைச் சமவெளியிலும் கண்முன்னே இருக்கின்றன.

பறை: மறுப்பும் மீட்பும்

பறையின் அண்மைக்கால வரலாறு இரண்டு எதிர்த்திசைகளில் நகர்ந்திருக்கிறது. ஒருபுறம், சாவு வீட்டில் பறையடிப்பதை இழிதொழிலாகச் சுமத்திய ஊர்க் கட்டளையை மறுத்து, ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று கருவியைக் கீழே வைத்த தலைமுறை. அந்த மறுப்புக்காகப் பல ஊர்களில் ஊர்விலக்கையும் தாக்குதலையும் அவர்கள் எதிர்கொண்டனர். மறுபுறம், 1991ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த பண்பாட்டு எழுச்சியில், அதே கருவியை விடுதலையின் குரலாகக் கையில் எடுத்த தலைமுறை. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாஃபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை வழிபாட்டுக்குள்ளும் கல்விக்குள்ளும் கொண்டுவந்தார். 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கப்பட்ட சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களின் கைகளில் பறையைக் கொடுத்தது. பெண் தொடக்கூடாது என்று விலக்கப்பட்டிருந்த கருவியைப் பொதுவெளியில் அவர்கள் முழக்கினர்.

இந்த இரு தலைமுறைகளும் முரண்பட்டவை போலத் தோன்றலாம். இரண்டின் அடிப்படையும் ஒன்றே. எப்போது அடிப்பது, எங்கே அடிப்பது, யாருக்காக அடிப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை கலைஞருக்கே உண்டு என்பதுதான் அது. கருவியைக் கீழே வைத்தவரும் அந்த உரிமையைத்தான் பயன்படுத்தினார். கையில் எடுத்தவரும் அதைத்தான் பயன்படுத்தினார். கலை மனக்காயத்தை ஆற்றும் என்று கூறுவோர் இந்த நிபந்தனையை மறந்துவிடலாகாது. கட்டாயத்தின் பேரில் இசைக்கப்படும் பறை, இசைப்பவரின் காயத்தை ஆழப்படுத்துகிறது. தன் விருப்பத்தின் பேரில், தன் மக்களின் நடுவில், தலைநிமிர்ந்து இசைக்கப்படும் அதே பறை அவரை மீட்கிறது. அடி ஒன்றே, அதிகாரம் வேறு.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. சென்னை சங்கமம் விழாவின் மேடைகளில் பறைக்கு இடம் கிடைத்தது. 2018இல் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, பண்டிதர் அயோத்திதாசரின் ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்னும் கருத்திலிருந்து தன் பெயரைப் பெற்றது. 2025இல் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கருவிக்கு நாட்டின் உயரிய விருதுகளுள் ஒன்று கிடைத்திருப்பது சிறிய செய்தியன்று.

ஆனால் விருது ஒரு கலைஞரை உயர்த்தும் வேளையில், அதே கலையைக் கற்ற நூற்றுக்கணக்கானோர் விழாக்காலம் முடிந்ததும் கூலி வேலைக்குத் திரும்புகின்றனர். ஆண்டின் பெரும்பகுதியில் அவர்கள் கட்டடத் தொழிலாளர். செங்கல் சூளைத் தொழிலாளர். பிறர் வயலில் கூலிகள். சொந்தமாக அரை ஏக்கர் இருக்கும் கலைஞர், ஒரு சாவு வீட்டு அழைப்பை மறுக்கும்போது அன்றைய உலைக்கு அஞ்ச வேண்டியதில்லை. நிலமற்றவருக்கு அந்தத் துணிவின் விலை பட்டினி. கலைச் சுதந்திரம் என்று நாம் அழைப்பதன் வேர் இவ்விடத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது.

இயற்கை வேளாண்மையும் இல்லாத பட்டாவும்

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. ஒன்றிய அரசின் ‘பரம்பராகத் க்ரிஷி விகாஸ் யோஜனா’ 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வட்டாரத்து உழவர்களைத் தொகுப்பாக இணைத்து, மூன்றாண்டு மாற்றக் காலத்திற்கு நிதியுதவி அளித்து, சான்று வழங்குவது இத்திட்டத்தின் முறை. மாநில வேளாண் நிதிநிலை அறிக்கைகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு உழவர்களுக்கு 20 விழுக்காடு கூடுதல் மானியமும் அறிவிக்கப்பட்டது.

இவை அனைத்தும் நிலம் வைத்திருப்பவரை நோக்கியவை. பட்டா வேண்டும், அல்லது எழுத்துப்பூர்வமான குத்தகை வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவர் கணக்கில் வரமாட்டார். கூலி வேலை செய்பவர் உழவர் என்றே எண்ணப்படமாட்டார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சமூகத்தினர் 20 விழுக்காடு. நாடு முழுவதும் வேளாண்மையில் உழைக்கும் பட்டியல் சமூகத்தினரில் பத்துப் பேரில் ஏழு பேர் கூலித் தொழிலாளர் என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டியது. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சமூகத்தினரின் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நிலமே இல்லாதவருக்கு நிலத்தின் மீதான மானியத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அது அவரைச் சென்றடையாது.

இயற்கை வேளாண்மையின் உழைப்புக் கணக்கையும் பார்க்க வேண்டும். களைக்கொல்லியை நிறுத்தினால் கையால் களை பறிக்க வேண்டும். தொழுவுரம் சுமக்க வேண்டும். பூச்சிவிரட்டிக் கரைசல் காய்ச்ச வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பகுதி தலித் பெண்களின் முதுகில் விழுகிறது. நஞ்சில்லா உணவு என்று நகரத்தில் கூடுதல் விலைக்கு விற்கும் அரிசியில், நஞ்சில்லாமல் ஆக்கிய கைகளுக்குக் கூடுதல் கூலி சேர்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சான்று முத்திரையில் மண்ணின் தூய்மை குறிக்கப்படுகிறது. கூலியின் நியாயம் குறிக்கப்படுவதில்லை. ‘நம் முன்னோர் வேளாண்மை’ என்று பெருமிதத்துடன் பேசப்படும் பழைய முறைக்குள் பண்ணையாள் முறையும் இருந்தது என்பதைத் தஞ்சைச் சமவெளியின் மக்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

காயமும் மருந்தும்

மரபு மருத்துவத்தைப் பற்றிப் பேசும்போது பண்டிதர் அயோத்திதாசரை (1845–1914) விட்டுவிட்டுப் பேச இயலாது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளராகவும், 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவராகவும், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நிறுவியவராகவும் அவரை அறிகிறோம். அவர் தொழிலால் சித்த மருத்துவர். இன்று சென்னை தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நோய்க்கு மருந்து கொடுத்த அதே கையால் சாதி என்னும் நோயின் வரலாற்றையும் எழுதியவர் அவர். உடலின் நலமும் சமூகத்தின் நலமும் அவரிடம் இரு துறைகளாகப் பிரிந்து நிற்கவில்லை.

இன்று அவை பிரிக்கப்படுகின்றன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்று மருத்துவமனைக்குச் சென்ற பிறகே தண்ணீர் மீது ஐயம் எழுந்தது. வயிற்றுப்போக்குக்கு மருந்து உண்டு. சில நாட்களில் உடல் தேறிவிடும். ஆனால் குடித்த தண்ணீரைப் பற்றிய நினைவுக்கு எந்த மருந்துக் கடையில் மருந்து உண்டு? அந்தக் காயத்தைத் தனிமனிதரின் மன அழுத்தமாக மட்டும் சுருக்கி, மூச்சுப்பயிற்சியால் ஆற்றிவிட முடியாது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் இதை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. 1995ஆம் ஆண்டின் விதிகளும் 2016ஆம் ஆண்டின் திருத்தமும், கொலை முதலான கொடிய வன்கொடுமைகளால் பாதிக்கப்பட்டோருக்குப் பணத்தோடு கூடுதல் நிவாரணங்களையும் வகுத்துள்ளன. மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் கல்விச் செலவு, வீடு ஆகியவற்றுடன் வேளாண் நிலமும் அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. தேவைப்பட்டால் விலைக்கு வாங்கியேனும் அளிக்கலாம் என்பது வரை விதி செல்கிறது. அதாவது, இழப்புக்குப் பின் ஒரு குடும்பம் மீண்டெழ நிலம் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதுபோலவே, பட்டியல் சமூகத்தவரின் நிலத்தை ஆக்கிரமிப்பதும் அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி குற்றங்கள். களத்தில் நாம் நிவாரணத் தொகையையும் வேலையையும் கேட்கும் அளவுக்கு நிலத்தைக் கேட்பதில்லை. கேட்கப்படாத உரிமை கோப்பிலேயே உறங்கிவிடுகிறது.

ஜாகீராபாத்: மூன்றும் ஓரிடத்தில்

கலை, வேளாண்மை, நலம் ஆகிய மூன்றையும் நிலத்தின் மீது ஒன்றாக நிறுத்திய ஒரு முயற்சி அண்டை மாநிலத்தில் நாற்பது ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. இன்றைய தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்தில், ஜாகீராபாத்தை ஒட்டிய வறண்ட நிலப்பகுதியில் 1983 முதல் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி இயங்குகிறது. பஸ்தாபூர் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்ட அதன் வலிமை, ஊர்தோறும் அமைந்த மகளிர் சங்கங்கள். உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் பெண்கள். எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாதவர்கள்.

அங்கே தொடக்கம் தரிசு நிலம். நிலச் சீர்திருத்தத்தில் தலித் குடும்பங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கல்லும் சரளையுமான துண்டுகள். உழுவதற்கு முதல் இல்லாததால் அவை கிடப்பில் கிடந்தன. உரிமையாளர்களோ பிறர் வயலில் கூலி வேலை செய்தனர். பொது விநியோகக் கடையில் வெளியூரிலிருந்து வந்த அரிசி கிடைத்தது. ஆனால் அந்த மண்ணின் சோளம் மறைந்துகொண்டிருந்தது. 1990களின் நடுவில் சங்கங்கள் மாற்றுப் பொது விநியோக முறை ஒன்றை வகுத்தன. தரிசை உழுது சோளம் விதைக்கக் கடன் கொடுக்கப்பட்டது. கடன் பணமாகத் திரும்பவில்லை. பல ஆண்டுத் தவணையில் தானியமாகத் திரும்பியது. அந்தத் தானியம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, வேலையற்ற மாதங்களில் மிக வறிய குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் வழங்கப்பட்டது. யார் வறியவர் என்பதை அதிகாரி முடிவு செய்யவில்லை. ஊரார் கூடி, ஒவ்வொரு வீட்டின் நிலையையும் வெளிப்படையாக எடைபோட்டு முடிவு செய்தனர். முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் இம்முறை செயல்பட்டது.

பயிர் முறையும் கவனிக்கத்தக்கது. ஒரே துண்டு நிலத்தில் சோளம், தினை, துவரை, தட்டைப்பயறு, எள் எனப் பல பயிர்களைக் கலந்து விதைக்கின்றனர். சில வயல்களில் இருபதுக்கும் மேல். மழை பொய்த்து ஒன்று போனாலும் மற்றொன்று உலைக்கு வரும். விதைகளைச் சாம்பலும் வேப்பிலையும் சேர்த்து, மண் பூசிய கூடைகளில் பெண்களே காக்கின்றனர். விதை விற்பனைப் பொருள் ஆவதில்லை. தேவைப்படுபவர் வாங்கிச் செல்வார். அறுவடைக்குப் பின் வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தருவார். வயலில் தானாக முளைக்கும் கீரைகளையும் அவர்கள் களை என்று அழிப்பதில்லை. நம் ஊரில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் எப்படி ஏழைகளின் சத்துணவாகவும் கைமருந்தாகவும் இருந்தனவோ, அப்படியே அங்கும். நிலக்கிழாருக்குக் களையாகத் தெரிவது கூலிப் பெண்ணுக்கு அன்றைய குழம்பு. களைக்கொல்லி தெளிக்கப்படும்போது அழிவது யாருடைய உணவு என்பதை அந்தப் பெண்களே உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

எடுத்துச் சொல்வதற்கு அவர்கள் கைக்கொண்ட வழி கலை. ஒவ்வோர் ஆண்டும் சங்கராந்தியையொட்டி, விதைகளால் அணி செய்யப்பட்ட மாட்டு வண்டிகள் ஊர் ஊராகச் செல்லும் பழம்பயிர்த் திருவிழா தொடங்குகிறது. வண்டி வரும் ஊரில் பாட்டும் ஆட்டமும் முழவும் எழும். கூடவே வேளாண்மை பற்றிய விவாதமும் நடக்கும். விதைப் பானையைத் தலையில் ஏந்தித் தலித் பெண்கள் ஊரின் நடுத்தெருவில் செல்லும் காட்சி அந்த விழாவுக்குரியது. நடுத்தெருவில் நடப்பதற்கு அவர்களின் பாட்டிமார்களுக்கு என்ன விலை இருந்தது என்பதை நினைத்தால் இந்த ஊர்வலத்தின் பொருள் விளங்கும்.

எழுத்தறியாத அந்தப் பெண்கள் ஒளிப்படக் கருவியையும் கற்றனர். வாரங்கல் பகுதியில் பி.டி. பருத்தி பயிரிட்ட உழவர்களின் இழப்பை அவர்களே படமாக எடுத்தனர். அப்படம் பல நாடுகளில் திரையிடப்பட்டது. 1990களின் இறுதியிலேயே வானொலி நிலையத்துக்கான கட்டடமும் கருவிகளும் தயாராக இருந்தன. ஒலிபரப்பு உரிமம் கிடைக்கவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர்கள் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர். 2008 அக்டோபரில் ‘சங்கம் ரேடியோ’ காற்றலையில் ஏறியது. தலித் பெண்கள் நடத்தும் சமூக வானொலியாக, விதைப்புப் பாட்டையும் மழைக் குறியையும் வீட்டு மருத்துவத்தையும் அவர்களின் சொந்தத் தெலுங்கில், அவர்களின் குரலிலேயே ஒலிபரப்பியது. 2019இல் இச்சங்கங்களுக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ‘ஈக்வேட்டர்’ பரிசு கிடைத்தது. 2023ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, உலகம் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்த ஒன்றை அவர்கள் முப்பதாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இம்முயற்சியிலும் கேள்விகள் உண்டு. நகரத்துப் படிப்பாளிகள் தொடங்கிய தொண்டு நிறுவனத்தின் நிழலில்தான் இது வளர்ந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரும் நெடுங்கால வழிகாட்டியுமான பி.வி. சதீஷ் 2023 மார்ச்சில் மறைந்தார். வெளியிலிருந்து வரும் நிதியும் வழிகாட்டலும் குறையும்போது சங்கங்கள் எவ்வளவு தூரம் தாமாகச் செல்லும் என்பது திறந்த கேள்வி. ஆயினும் ஒரு பாடம் உறுதியானது. பாட்டும் விதையும் மருந்தும் அங்கே தனித்தனித் திட்டங்களாக வரவில்லை. தரிசில் முதல் சோளக்கதிர் முற்றிய பிறகு, மற்றவை அதன் மேல் வளர்ந்தன.

சங்ரூர்: ஒரு கட்டுப் புல்லின் விலை

நிலம் எப்படி நலமாக மாறுகிறது என்பதைப் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டம் வேறொரு வகையில் காட்டுகிறது. அம்மாநில மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சமூகத்தவர். நாட்டிலேயே மிக உயர்ந்த பங்கு இது. நிலத்தில் அவர்களின் பங்கோ மிகச் சொற்பம். ஊராட்சிப் பொதுநிலங்களில் மூன்றில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடும்போது பட்டியல் சமூகத்தவருக்கு ஒதுக்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதி. நடைமுறையில் பெருநிலக்காரர்கள் தம்மிடம் வேலை செய்யும் தலித் ஒருவரின் பெயரில் ஏலம் எடுத்து, தாமே பயிரிட்டு வந்தனர்.

2014இல் உருவான நிலம் பெறும் போராட்டக் குழு இதை எதிர்த்தது. பலத் கலான் போன்ற ஊர்களில் தலித் குடும்பங்கள் ஒன்றுகூடிக் கூட்டாக ஏலம் எடுத்தன, தடியடியையும் வழக்குகளையும் ஊர்விலக்கையும் தாங்கின, கூட்டாகப் பயிரிட்டன. அவர்கள் முதன்மையாகப் பேசிய ஆதாயம் நெல்லும் கோதுமையும் மட்டுமன்று, மாட்டுக்குப் பசுந்தீவனம். அதுவரை தலித் பெண்கள் ஒரு கட்டுப் புல்லுக்காக ஆதிக்கச் சாதியினரின் வயலோரம் செல்ல வேண்டியிருந்தது. அங்கே வசையும் சீண்டலும் பாலியல் துன்புறுத்தலும் அன்றாட அனுபவங்கள். தம் கூட்டு நிலத்தில் தீவனம் அறுக்கத் தொடங்கியதும் அந்த அச்சத்திலிருந்து அவர்கள் விடுபட்டனர். இதைவிடத் தெளிவான மனநல மருத்துவம் வேறு என்ன இருக்க முடியும்?

நம்மிடம் உள்ள மண்

தமிழ்நாட்டுக்கு இதில் முன்னோடி வரலாறே உண்டு. செங்கல்பட்டுப் பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரமென்கீர், பறையர் மக்களின் நிலையை விளக்கி 1891இல் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892இல் சென்னை மாகாண அரசு பஞ்சமி நில ஆணையைப் பிறப்பித்தது. அதன்கீழ் வழங்கப்பட்டவை ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று கூறப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அரசு மீட்டெடுக்கலாம் என்பன நிபந்தனைகள். நிபந்தனையை மீறிய கைமாற்றங்கள் செல்லா என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆயினும் அந்நிலங்களின் பெரும்பகுதி இன்று பிறர் கையில். 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டனர். அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர். பஞ்சமி நிலம் பழங்கதை என்று கருதுவோர் இந்த இரு பெயர்களையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பின், அந்தக் காயத்தின் நடுவிலிருந்து கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தம்பதியினர் நிலத்தை நோக்கி நகர்ந்தனர். 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலவுடைமையாளரோடு பேசியும் வங்கிக் கடன் பெற்றும், பதினாயிரம் ஏக்கருக்கு மேல் நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரில் பெற்றுத் தந்தது. அவர்களின் சர்வோதய அணுகுமுறையோடு நமக்கு வேறுபாடு இருக்கலாம். நீதிமன்றம் தராத ஆறுதலைப் பட்டா ஓரளவேனும் தந்தது என்பதை மறுக்க இயலாது.

அண்மையில் தாட்கோ வழியாகச் செயல்படும் ‘நன்னிலம்’ மகளிர் நில உடைமைத் திட்டம், நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடியின வேளாண் தொழிலாளப் பெண்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, உச்சவரம்பாக 5 லட்சம் ரூபாய் மானியம் அளிக்கிறது. திசை சரியானது. ஆண்டுக்குச் சில நூறு பேர் என்னும் அளவில் அது நின்றுவிட்டால் பல லட்சம் நிலமற்ற குடும்பங்களின் முன் அது ஒரு துளி. 2024இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் துணைத்திட்டச் சட்டம், மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்ப நிதி ஒதுக்க வழிசெய்கிறது. அந்நிதியின் கணிசமான பகுதி நிலமாக மாற வேண்டும்.

கிராமத்துக்குத் திரும்புவதா?

இவ்விடத்தில் நேர்மையான எதிர்க்கேள்வி ஒன்று எழும். அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைச் சாதியின் கூடாரமாகக் கண்டார்; கல்வியையும் நகரத்தையும் நோக்கி நகரச் சொன்னார். முதல் தலைமுறைப் பட்டதாரி இளைஞரைப் பார்த்து மீண்டும் மண்வெட்டி எடு, பறையை எடு என்று சொல்வது பின்னோக்கி இழுப்பதாகாதா?

அம்பேத்கர் கிராமத்தின் மீது வைத்த விமர்சனம் நிலவுரிமையைக் கைவிடச் சொல்லவில்லை. 1947இல் வெளியிட்ட ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் ஆவணத்தில், வேளாண்மையை அரசுத் தொழிலாக்கி, நிலத்தைச் சாதி, மத வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளாக உழைப்போருக்கு வழங்க வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். உடைமையற்ற உழைப்பு அடிமைத்தனத்துக்கு வழி திறக்கும் என்பது அவர் அறிந்த உண்மை. எனவே நம் கோரிக்கை எவரையும் வயலுக்குத் திருப்பி அனுப்புவதாக அமையலாகாது. நிலம் இருப்பவர் உழலாம். உழாமல் பிள்ளையைப் படிக்க அனுப்பலாம். கூலி குறைவென்றால் வேலையை மறுக்கலாம். ஊர்விலக்கு வந்தால் உலை வைக்கலாம். தேர்ந்தெடுக்கும் ஆற்றலே அங்கு நலம் எனப்படுவது. பறைக்கும் இதுவே பொருந்தும்.

செய்ய வேண்டியவை

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் உடனே தொடங்கக்கூடிய பணிகள் சில உண்டு. ஒவ்வொருவரும் தம் வருவாய்க் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் பழைய நிலவரித்திட்டப் பதிவேடுகளையும் ஒப்பிட்டு, பஞ்சமி நிலங்களின் இன்றைய நிலையைப் பட்டியலிடலாம். கிடைக்காத பக்கங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் கேட்கலாம். ஒரு கல்லூரியின் இருபது மாணவர்கள் இருபது ஊர்களை எடுத்துக்கொண்டால், ஒரு வட்டத்தின் வரைபடம் ஓராண்டில் கையில் இருக்கும். வன்கொடுமை வழக்குகளில் நிவாரணம் கோரும் மனுவில் வேளாண் நிலத்தைத் தவறாமல் சேர்க்க வேண்டும். அங்கக வேளாண்மைத் திட்டங்களில் நிலமற்ற பெண்களின் கூட்டுக் குத்தகைக் குழுக்களையும் பயனாளிகளாக ஏற்க வேண்டும் என்றும், சான்றிதழில் கூலியும் ஒரு நிபந்தனையாக வேண்டும் என்றும் கோரலாம். விழா நடத்துவோர் பறைக் கலைஞருக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தமும் நியாயமான ஊதியமும் தர வேண்டும். பயிற்சி வகுப்புகளில் அக்கலையைக் காத்த சமூகத்தின் வரலாறும் சொல்லப்பட வேண்டும். முதியோரின் கீரை அறிவையும் கைமருத்துவத்தையும் பதிவு செய்பவர்கள், அந்தப் பதிவின் உரிமையை அந்த ஊருக்கே விட்டுச்செல்ல வேண்டும்.

அடுத்த முறை ஒரு மேடையில் பறை முழங்கும்போது நாமும் மகிழ்ந்து கைதட்டுவோம். தட்டி முடித்தபின் அந்தக் கலைஞரிடம் அவருடைய ஊரின் பெயரைக் கேட்போம். அந்த ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு இருந்தது, இன்று யார் கையில் இருக்கிறது என்பதைத் தேடத் தொடங்குவோம்.